பதினொரு பாட்டுக் கல்யாணம்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு கரடி ரேடியோ செட் வைத்துப் பிழைத்துவந்தாள். காதுகுத்தோ கல்யாணமோ, மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது அவள்தான். அவளுடைய பழைய பென்டிரைவில் நானூறு எம்பி3 பாட்டுகள் இருந்தன.

அவளுக்குப் போட்டியாக அக்கரை முள்ளம்பன்றி புது செட் வாங்கி இறக்கியது. காட்டுப்பன்றி மருதையன் வீட்டுக் கல்யாணத்தில் பேர் வாங்காவிட்டால் இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

யோசனை கேட்க வௌவால் விருத்தகிரியிடம் போனாள். காட்டிலேயே கூர்மையான காது அவருக்குத்தான். எம்பி3 என்பது பாட்டைப் பிழிந்து, சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையை வைத்துக்கொள்வது என்று தலைகீழாகத் தொங்கியபடியே விளக்கினார். ஃபிளாக் என்ற உசத்தி ரகத்தில் ஒரு துளி சத்தம்கூடச் சிந்தாதாம்.

“இடம் மட்டும் கொஞ்சம் கூடப் பிடிக்கும், தாயி.”

கொஞ்சமில்லை. நானூறையும் அழித்துவிட்டு அவரிடமிருந்த உசத்தி ரகத்தை ஏற்றினால், பதினொன்றோடு பென்டிரைவ் நிரம்பிவிட்டது. செங்கமலம் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று பாட்டு வித்தியாசமாகத்தான் கேட்டது, வௌவாலுக்கு. மற்றவர்களுக்கு அதே குழாய் ஸ்பீக்கர், அதே கரகரப்பு. முதல் சுற்றில் தலையாட்டினார்கள். இரண்டாவதில் கூடவே பாடினார்கள். மூன்றாவதில் யானையக்கா எழுந்து வந்தாள்.

“ஏன்டி, வேற பாட்டே இல்லையா?”

“இதுல ஒரு சத்தமும் சிந்தாதுக்கா.”

“அதான் ஒண்ணுவிடாம என் காதுல விழுதே” என்று காதை மடக்கிக்கொண்டு யானை கிளம்பினாள்.

ஐந்தாம் சுற்றில் மான்களும் குரங்குகளும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமலே நடையைக் கட்டின. மருதையன் வேகமாக வருவதைப் பார்த்த செங்கமலம் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். தொழில் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டாள்.

அவரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முந்நூறு பேருக்கு உலை வைத்தால் எண்ணூறு பேர் வந்து நின்றார்களாம். மூன்றாம் பந்தியில் மானம் போகப்போகிறது என்று சமையல்கட்டில் நடுங்கிக்கொண்டு இருந்தாராம்.

“சோறு மிஞ்சிருச்சும்மா. தம்பி பொண்ணு கல்யாணத்துக்கும் நீதான் செட்டு. புதுசா ஒரு பாட்டும் சேர்த்துடாத.”

பெண்ணைப் பெற்ற வீடுகளிலெல்லாம் சேதி பரவியது. ஆவணி முழுக்க அவளுக்கு ஒரு நாள் ஓய்வில்லை. முள்ளம்பன்றி நாலாயிரம் பாட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

நீதி: விருந்தாளியைப் போகச் சொல்வது மரியாதை இல்லை. உயர்ந்த தரத்தில் பாட்டுப் போட்டால் அவர்களே போய்விடுவார்கள்.