பலாக்காய் ரோலும் என் புரட்டாசி விரதமும்

வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சந்தோஷப்படுகிற வியாபாரி, தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார்: எங்கள் அஸ்தினாபுரத்தின் செடி அண்ணன். தள்ளுவண்டியில் பர்கர், ரோல், கபாப் எல்லாம் போடுவார். எல்லாமே பலாக்காய், சோயா, காளான். நான் முதல் தடவை பைக்கில் போனபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கேந்து வர்றீங்க சார்?"

"அடுத்த தெருதான் அண்ணா."

"அடுத்த தெருவுக்கு பெட்ரோலா? ஆடு வளக்குற தண்ணி, தீனி எல்லாம் மிச்சம் புடிச்சு நான் பூமிய காப்பாத்திகினு கீறேன். நீங்க பொக வுட்டுகினு வர்றீங்க. வண்டிய வூட்ல வுட்டுட்டு நடந்து வாங்க."

நடந்து வந்தேன். ருசி அப்படி. ருசிதான் வினையாகவும் ஆனது.

அந்தப் புரட்டாசியில் மகள் இன்டர்வியூ முடித்து ஆர்டருக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு வேலை கிடைக்க, மாதம் முழுக்கக் கறி தொடமாட்டேன் என்று பெருமாளிடம் பேசி வைத்திருந்தேன். முதல் சனிக்கிழமை அவரிடம் வாங்கி வந்த ரோலைக் கடித்தால், நார் நாராகப் பிரிந்து பல்லிடுக்கில் மாட்டுகிறது. பல வருஷம் ஆட்டுக்கறி தின்ற நாக்கு, இது ஆடுதான் என்று சத்தியம் செய்தது. மகளின் வேலை என் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சத்தைத் தெருப்பூனைக்கு வைத்தேன். அது சுற்றியிருந்த இலையையும் சேர்த்து நக்கியது. போச்சு.

பதற்றத்தில் பைக்கிலேயே பறந்தேன்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. பூனை சாப்பிடுது."

"அது சாம்பார் சாதமே துன்னும் சார். இன்னா பேஜாரு உங்களோட?" முழுப் பலாக்காயையும் கத்தியையும் என் முன்னால் வைத்தார். "நீங்களே வெட்டுங்க. ரத்தம் வந்தா சொல்லுங்க."

ரத்தம் வரவில்லை, பால் வந்தது. அப்போதும் நம்பாமல் மசாலாச் சட்டியைக் கிளறி எலும்பு தேடினேன். பத்து விரலும் பிசினில் ஒட்டிக்கொண்ட நிலையில் மகள் கதையைச் சொன்னேன். அவர் என் கையில் எண்ணெய் தடவிவிட்டார்.

புரட்டாசி முடிகிற வாரம் ஆர்டர் வந்தது. மறு ஞாயிறு தெருவே கறிக்கடையில் நிற்க, ஈயோட்டிக்கொண்டிருந்த அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கினேன். முதல் வாயை அவர் கண்ணை மூடிக் குடித்தார்.

"டீ குடிச்சு ஒரு மாசமாச்சு சார்."

"ஏன் அண்ணா, சுகரா?"

"பாப்பாவுக்கு நானும் வேண்டிக்கினேன். நமக்குத்தான் கறி கெடயாதே, வுடறதுக்கு வேற இன்னா கீது?"

நான் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவருக்கு இன்னொன்று ஸ்ட்ராங்காகச் சொன்னேன்.