காயில்காரர் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கதை

உலகத்தில் கம்ப்யூட்டர் வாங்கினவர்கள் உண்டு, திருடினவர்கள் உண்டு. பலாப் பலகையில் ஆணி அடித்துக் கம்ப்யூட்டர் கட்டினவர் எங்கள் காயில்காரர் ஒருவர்தான். நம்பாதவர்கள் மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறி வந்து பார்க்கலாம்.

எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். பெயர் ஏதோ உண்டு. அது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அதனால் அந்தக் கம்ப்யூட்டர் வளர்ந்த இரண்டு வருஷமும் அதன் உபத்திரவம் எனக்கும் சேர்த்துத்தான்.

போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தார். சிப்புகள் தபாலில் வந்தன. வரைபடமெல்லாம் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். கடைசியில் இரண்டு எண்ணைப் போட எட்டு சுவிட்ச், விடை காட்ட நாலு பல்பு, நடுவில் இடியாப்பம் மாதிரி ஒயர். வலது கோடி பல்பு எரிந்தால் ஒன்று, அடுத்தது இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு. அதாவது கம்ப்யூட்டர் கூட்டியதை நாம் இன்னொரு தரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பதினைந்துக்கு மேல் கேட்பது மரியாதைக்குறைவு.

"போன்லயே கூட்டிக்கலாமேங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"போனு எப்டி கூட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? இது எப்டி கூட்டுதுன்னு எனக்குத் தெரியும்ல?" என்றார்.

மோட்டார்கள் வாசலில் துருப்பிடித்தன. விவசாயிகள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர் மனைவி செல்வியக்கா கத்தவில்லை, கெடு வைத்தார். வீட்டில் இருந்தது ஒரே மேசை, அதன்மேல்தான் கம்ப்யூட்டர்.

"ரெண்டு வருஷமா தரையில குந்தி சாப்புடுறேன். ஆயுத பூஜையன்னிக்கு நாலு பேரு எதிர்ல இது ஒழுங்கா கூட்டிச்சின்னா மேசை இதுக்கு. இல்லன்னா இது பரணுக்கு. இன்னா சொல்றீங்க?"

காயில்காரர் மோட்டாரை மறந்தார், சோற்றை மறந்தார். பூஜைக்கு முதல்நாள் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஏழையும் ஐந்தையும் போட்டார். இடதுபக்கம் இரண்டு பல்பு எரிந்தன. எட்டும் நான்கும் பன்னிரண்டு!

"மேசை எனக்குத்தான் சார்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் வினை. ஆயுத பூஜைக்குத் தொழில் சாமான்களைக் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். ஸ்பேனரைக் கழுவினார், காயில் சுற்றும் மிஷினைத் துடைத்தார். கம்ப்யூட்டரை மட்டும் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளாதா? பித்தளைக் குடத்துக்குப் போடுகிற புளியைக் கரைத்துச் பலகையில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளைப் பளபளவென்று தேய்த்தார். சிப்பு ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனம், குங்குமம். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற படித்த முட்டாள் நான்தான்.

சாயங்காலம் தெருவே கூடியது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஏழும் ஐந்தும் போட்டார். நாலு பல்பும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. ஜனங்கள் கை தட்டினார்கள். ரெண்டு எரிவதைவிட நாலு எரிவது விசேஷம்தானே? காயில்காரர் முகம் வெளுத்துவிட்டது. கணக்கு தெரிந்த நானும் வெட்கமில்லாமல் தட்டினேன். அவர் பேசாமல் இருந்தால் மேசை கம்ப்யூட்டருக்கே கிடைத்துவிடும்.

"பதினஞ்சு காட்டுது. தப்பு" என்றார் செல்வியக்கா.

காயில்காரர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்டி தெரியும்?"

"ரெண்டு வருஷமா எதிர்லயே குந்தினுகிறேன். இதுகூடத் தெரியாதா?"

அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு பரண் பக்கம் நடந்தார்.

"எங்க தூக்கினு போறீங்க? ஈரத்தோட பரண்ல வெச்சா வீணாப் பூடும். புளியெல்லாம் போற மாதிரி நல்ல தண்ணியில அலசி, காய வெச்சி, மேசையிலயே வைங்க. நாளிக்கு இன்னொரு தபா கேப்போம்."

"கெடு இன்னியோட முடிஞ்சிதே?"

"அடுத்த வருஷம் ஆயுத பூஜை வராதா இன்னா?"

காயில்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணி தேடினார். துணியை எடுத்துக் கொடுத்ததும் செல்வியக்காதான்.

மலைக்குக் கீழே போளூருக்கு மாற்றல் கேட்கச் சொல்லி என் வீட்டில் நச்சரிக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.