திருத்தம் பஸ் ஏறிப் போனது

வாட்ஸ்அப்பில் போன பொய்யை பஸ் பிடித்துப் போய்த் துரத்திய மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் ராமநாதபுரத்தில் எங்கள் இதழியல் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. எங்களுக்கு அவன் 'திருத்தம்'.

பெயர் சும்மா வரவில்லை. விடுதிப் பலகையில் 'இன்று சாம்பார்' என்று எழுதியிருந்தால், ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய், கீழே 'திருத்தம்: ரசம்' என்று எழுதிவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவான். எங்கள் வகுப்பு யூடியூப் சேனலில் ஒருத்தன் 'பாம்பனில் ராட்சத அலை!' என்று எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட்டான். பார்வைகள் எகிறின. எல்லோரும் அலையைப் பார்த்தோம். இவன் அலைக்குப் பின்னால் பார்த்தான். 'திருத்தம்: பாம்பனில் பனிமலை கிடையாது' என்று முதல் கமெண்ட் போட்டான். சேனலை நடத்துகிறவர்களில் அவனும் ஒருவன் என்பதுதான் கொடுமை.

கடைசி வருடம் புரட்டாசி பிறந்த சமயத்தில் அந்த வீடியோ வந்தது. புதுமடம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் ஆமினா அக்கா, ஊர் வழக்கில் ஆமினா லாத்தா, மீன்மேல் வெள்ளையாக ஏதோ தூவுகிறார். பின்னணியில் பேய்ப் பட இசை. 'மீனில் ரசாயனம்! உஷார்!' என்று ஒரு கரகரப்பான குரல். தூவியது அரிசி மாவு. மொறுமொறுப்புக்காகப் போடுவது.

அந்தக் கடையின் நிரந்தரக் கடன்காரர்களாகிய நாங்கள் போய்ப் பார்த்தபோது, லாத்தா ஆறிய அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"புரட்டாசின்னா யாவாரம் கொறையத்தான் செய்யும் தம்பி. அதுக்காக இப்பிடி ஈயாடுமா? சவுதியில இருந்து எங்க வீட்டுக்காரரே போன் போட்டு, 'மீன்ல என்னத்தப் போடுறே'ன்னு கேக்குறாரு! மாசம் முடியட்டும். அடுப்பையும் சட்டியையும் வித்துப்புட்டு வீட்டோட கெடக்க வேண்டியதுதான்."

அந்த வீடியோவை எடுத்துப் போட்ட யூடியூப் சேனல்காரர்களுக்கு எழுதினோம். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, வீடியோவை அப்படியே வைத்திருந்தார்கள். நாங்கள் மறுப்பு வீடியோ எடுத்துப் போட்டோம். அதைப் பார்த்தவர்கள் நாங்களும் எங்கள் அம்மாக்களும்தான்.

அந்த வாரம் வகுப்பில் 'ஆன்லைன் ஊடகத்தின் எதிர்காலம்' பற்றிக் கருத்தரங்கு. செயற்கை நுண்ணறிவு, குட்டி வீடியோ, சந்தா என்று ஆளாளுக்கு அளந்தோம். திருத்தம் எழுந்தான்.

"பொய்யி எந்தெந்த வாசலுக்குப் போச்சோ, அந்தந்த வாசலுக்குத் திருத்தமும் போகணும் சார். அப்பிடிப் போற மீடியாதான் நிக்கும்."

"இதெல்லாம் நடக்குற காரியமாப்பா?" என்றார் பேராசிரியர்.

"நடந்து பாத்துட்டு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு, பாதி வகுப்பில் வெளியே போனான். போனவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

லாத்தாவின் கணவரிடமிருந்து போனில் தொடங்கினோம். அவருக்கு வீடியோ அனுப்பியது, அவரோடு அங்கே அறையில் தங்கியிருக்கும் உச்சிப்புளிக்காரர். அவருக்கு அனுப்பியது, உச்சிப்புளியில் செல்போன் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி. ஒவ்வொருவரிடமும் திருத்தம் ஒரே கேள்விதான் கேட்டான்: "உங்களுக்கு அனுப்புனது யாரு?" பதிலை வாங்கி, அங்கேயே ஒரு மறுப்பும் போட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான். உச்சிப்புளிக்குப் பஸ் ஏறிப் போனோம். செல்போன் கடைக்காரர் எங்களை போலீஸ் என்று நினைத்து ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். திருத்தம் குடித்து முடித்துவிட்டு, "நாங்க போலீஸ் இல்லண்ணே" என்று அதையும் திருத்தினான்.

கடைக்காரர் தன் போனை நீட்டி, அனுப்பிய நம்பரைக் காட்டினார். திருத்தத்துக்கு அது மனப்பாடமான நம்பர். திருப்புல்லாணியில் விவசாயம் பார்க்கும், அவனைப் பெற்ற அய்யாவின் நம்பர் அது.

அடுத்த பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அய்யா மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏலே, நல்லதுக்குத்தானே அனுப்புனேன்? நாலு பேரு வயித்துவலி வந்து கெடக்கக் கூடாதுன்னு."

"அது அரிசி மாவுய்யா."

"அத நான் எங்கலே கண்டேன்?"

"கண்டுட்டு அனுப்பியிருக்கலாமேய்யா. எந்தெந்த குரூப்புல போட்டீகளோ, அங்கனயெல்லாம் தப்புன்னு சொல்லுங்க."

"ஊருக்குள்ள என் மருவாதி என்னத்துக்காகும்?"

"அந்த லாத்தா மருவாதி போயிருச்சேய்யா."

அய்யா மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "இவன் காலேசுலயும் இப்பிடித்தானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மறுநாள் காலை, நெற்றியில் நாமத்தோடு மனிதர் புதுமடம் கடைமுன் வந்து நின்றார். லாத்தா மாவு கலந்து மீனில் தடவுவதை முழுசாகப் பார்த்தார். பிறகு மகனிடம் போனைப் பிடிக்கச் சொன்னார்.

"நான் அனுப்புனது தப்பு. இது அரிசி மாவு, கண்ணால பாத்தேன். பெருமாள் மாசம், இப்பத் திங்க ஏலாது. ஐப்பசி ஒண்ணாந்தேதி மொத மீனு இங்கனதான் திங்கப்போறேன். வாரவுக வாங்க."

புரட்டாசியில் நாமத்தோடு நிற்கிற விவசாயி மீன் கடைக்குச் சாட்சி சொன்னால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? பொய் போன குரூப்புகளிலெல்லாம் அதுவும் போனது. சவுதிக்கும் போனது.

ஐப்பசி பிறந்தது. அய்யா பஸ்ஸிலிருந்து இறங்கினார். பின்னாலேயே கூட்டம் இறங்கியது. லாத்தாவால் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. முகத்தில் வழிந்தது வேர்வை மட்டுமல்ல. நான் பரவசத்தில், 'புதுமடத்தில் ஊரே திரண்டது!' என்று எங்கள் சேனலில் போட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை.

"மாப்ள, ஊரே இல்ல. ஒரு இருவத்தஞ்சு பேரு இருக்கும். பாதிப்பேரு எங்க சொந்தக்காரவுக. மாத்திப் போடு."

"இன்னைக்காச்சும் விடேன்டா!"

"அந்தத் தம்பி சொல்றபடியே போடுங்க தம்பி" என்றார் லாத்தா, கரண்டியை உயர்த்தி. போட்டேன்.

இப்போது நான் மதுரையில் ஒரு செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறேன். அவன் ராமநாதபுரத்திலேயே சின்னதாக ஒரு சேனல் நடத்துகிறான். என் கட்டுரைகள் ஒன்றுவிடாமல் படிக்கிறான். வாரம் தவறாமல் திருத்தம் அனுப்புகிறான். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் இன்றுவரை அவனிடமிருந்து ஒரு திருத்தமும் வரவில்லை.