யெட்டுண்டே என்று மட்டும் வேண்டாம்

அபெயோகுட்டா,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும்.

அன்புள்ள மைத்துனி அஜோக்கேவுக்கு,

மழைக்காலத்துக்கு உனக்கு என் வணக்கம். வீட்டுவேலைக்கு ஒரு வணக்கம், கடைவேலைக்கு ஒரு வணக்கம், உங்கள் ஜோஸ் ஊர்க் குளிருக்குத் தனியாக ஒரு வணக்கம். உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், அறுவை செய்த அவருடைய முழங்கால், எல்லாரும் சுகமா? இங்கே நாங்கள் சுகம். சுகமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது அத்தானுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் அப்படியே உன் அக்கா குரல். எனக்குப் பேச்சு வருவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் மகன் கொலாப்போவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். தாயும் சேயும் நலம். உன் அக்கா மோரெனிக்கே போய் ஏழு மாதம்கூட ஆகவில்லை, பிறந்ததோ பெண், அப்புறம் கேட்கவா வேண்டும்? நர்ஸ் குழந்தையைத் துடைத்து முடிப்பதற்குள் தெருவே பெயர் வைத்துவிட்டது. யெட்டுண்டே! அம்மா திரும்பி வந்துட்டா! நம்மவர் வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயரோடு நிறுத்தினார்களா? பக்கத்து வீட்டு அல்ஹாஜா, எழுபது வயது, முட்டி போட்டால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும், அந்த அம்மாள் தொட்டில் முன்னால் முட்டி போட்டு, "மோரெனிக்கே, நீ குடுத்த அம்மிக்கல்லு இன்னும் என் வீட்லதான் இருக்கு, கோவிச்சுக்காதடீ, நாளைக்கே கொண்டாந்துடறேன்" என்கிறாள். உன் அக்கா உயிரோடு மூன்று வருஷம் கேட்டும் வராத கல், மூன்று கிலோ குழந்தை கொட்டாவி விட்டதும் மறுநாள் காலையில் வாசலில் இருந்தது.

என் மகன் சங்கதி இன்னும் மோசம். முப்பத்தாறு வயது, பாங்கில் அதிகாரி, தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "அம்மா, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று விசாரிக்கிறான். மருமகள் டிட்டிலோலா கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிறாள். ஏனம்மா என்றால், "அத்தை பாக்குறாங்க மாமா!" என்று கிசுகிசுக்கிறாள். சரி, படித்த மனுஷன், பாஸ்டராவது நாலு வார்த்தை புத்தி சொல்வார் என்று அழைத்து வந்தேன். "ஆத்துமா கர்த்தர்கிட்ட இளைப்பாறுது, திரும்பி வர்றதெல்லாம் கிடையாது" என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும், "அம்மா, நீங்க இலையில மடிச்சு அவிக்கிற மொய்மொய் மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் கைவரலைம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முப்பத்துநான்கு வருஷம் நில அளவை ஆபீசில் வேலை பார்த்தவன், அளந்து பார்க்காத எதையும் நம்பாதவன். இந்த வீட்டில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விடலாம். அஜோக்கே, குழந்தை நான் தூக்கினால் மட்டும் அழுகிறது. அல்ஹாஜா தூக்கினால் சும்மா இருக்கிறது, பால்காரன் தூக்கினால்கூடச் சும்மா இருக்கிறது. என் கைக்கு வந்ததும் முகம் சிவந்து, கை முறுக்கி, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு கத்தல். முந்தாநாள் வீடு நிறைய ஜனம் இருக்கும்போது அல்ஹாஜா சொன்னாள்: "பாத்தீங்களா, கிழவன் மேல கோவம் இன்னும் ஆறலை!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் வாழைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

என்ன கோபம் என்று அவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தார் எல்லாரும் உடுத்த ஒரே துணி எடுத்து அனுப்பினாயே, வெங்காயத்தோல் நிறத்தில். "இந்த வயசுல நான் வெங்காயம் மாதிரி வந்து நிக்கணுமா? வரலை போ" என்றேன். வேடிக்கைக்குத்தான் ஆரம்பித்தேன், பிறகு வீம்பாகிவிட்டது. உன் அக்கா எனக்கும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். ஜோஸ் வரை அத்தனை தூரம் தனியாகப் பேருந்தில் வந்தாள். அறுபது பேர் ஜோடி ஜோடியாக அதே துணியில் நிற்க, அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததாம். "உன் புருஷன் எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாளாம். திரும்பி வந்து, "உங்க பங்கு" என்று வறுத்த கறிப் பொட்டலத்தைத் தந்தாள். தின்றுவிட்டு உப்பு குறைச்சல் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள்தான் இருந்தாள். பேசாமல் இல்லை, சோறு போட்டாள், என் மாத்திரையை எடுத்து வைத்தாள். தப்பு என்னுடையது என்ற ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் செவ்வாய் எட்டாம் நாள். குழந்தை நாக்கில் தேன், உப்பு எல்லாம் தொட்டு வைத்து, குடும்பத்துக்கு மூத்தவன் நான்தான் முதல் பெயரை எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். அவளை மறுபடி அம்மா என்று கூப்பிட்டு இந்த வீட்டுக்குள் அழைத்துவிட்டால், தினமும் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? மொராயோ என்று நல்ல பெயர் வைத்திருக்கிறேன், மகிழ்ச்சியைக் கண்டேன் என்று அர்த்தம், யாருக்கும் யாரிடமும் கோபமில்லாத பெயர். நீ சொன்னால் கொலாப்போ கேட்பான். அவனுக்கு ஒரு போன் போட்டு, சித்தி சொல்கிறேன், யெட்டுண்டே என்று மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே.

உன் வீட்டில் நெருப்பு அணையாமலும் நீர் வற்றாமலும் இருக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னை அடக்கம் செய்யட்டும், நீ அவர்களைச் செய்ய நேராதிருக்கட்டும். முழங்காலுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஜோசையா அகின்வாண்டே

பின்குறிப்பு: செவ்வாய் மத்தியானம். திங்கட்கிழமை பேருந்து நிலையம் வரை போய், ஜோஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பாமல் கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் நீ செய்ய வேண்டாம். இன்று காலை குழந்தையை என் கையில் கொடுத்தார்கள், வழக்கம்போலக் கத்தினாள். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மொராயோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடு" என்று வந்துவிட்டது. அப்புறம்தான் யெட்டுண்டே என்றேன். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் உன் அக்கா முதல் தடவையே மன்னித்தது கிடையாது. நாளைக்கும் கேட்பேன்.