நர்சம்மா மணிமண்டபம்

கொற்றநல்லூர் நாட்டை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. வரைந்தவர் அந்த இடம் வந்தபோது சாப்பிடப் போய்விட்டார். ஆனாலும் நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ராஜாவும் இருந்தார். ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும் என்பதால் மக்களுக்குக் குழப்பம் வந்ததில்லை.

அந்த நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. இறந்துபோன பெரியவர்களுக்கு அங்கே மணிமண்டபம் கட்டுவார்கள். கட்டிவிட்டு மறந்துவிடவும் மாட்டார்கள். நினைவிடச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது அன்றாடம் என்னென்ன நடந்ததோ, அது மணிமண்டபத்தில் காலாகாலத்துக்கும் நடக்க வேண்டும். அதற்கான மானியத்தில் எந்த மந்திரியும் கை வைக்கக்கூடாது. ஓடைக்கரை என்ற ஊரில் ராஜாவின் தாத்தாவுடைய குதிரைக்கு ஒரு மணிமண்டபம் இருந்தது. குதிரை செத்து அறுபது வருடம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் அதற்குக் கொள்ளு ஊறவைப்பார்கள், சாயங்காலம் பிடரி சீவுவார்கள். குதிரை குடித்த கிணற்றில் வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். மாடக்கண்ணு அங்கே காவலாளி. முதல் தேதியானால் சம்பளம் வந்துவிடும்.

அதே ஊரில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் இருந்தது. ஓர் அறை, ஒரு பெஞ்சு, செண்பகவடிவு என்ற நர்சம்மா. திங்கள்கிழமை ஊர்க் கிணறுகளுக்குப் பவுடர் போடுவார். புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி. மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார். பதினோரு வருடமாக ஓடைக்கரையில் ஒருவர்கூட வாந்திபேதியில் சாகவில்லை. செண்பகவடிவு செய்த தப்பு அதுதான்.

ஒருநாள் நிதி மந்திரி கனகசபாபதியார் ஆய்வுக்கு வந்தார். பெஞ்சைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். நர்சம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் அந்தஸ்துக்கு அது வழக்கமில்லை.

"இந்த ஆண்டு வாந்திபேதி எத்தனை பேருக்கு?"

"யாருக்கும் இல்லைங்க."

"சென்ற ஆண்டு?"

"அப்பவும் இல்லைங்கய்யா."

"நோயே இல்லாத ஊரில் நோய்த் தடுப்பு எதற்கு? எதைத் தடுக்கிறாய் நீ?"

"தடுத்ததுனாலதானங்கய்யா வரல."

மந்திரி அனுதாபத்தோடு சிரித்தார். அடுத்த வாரம் அரசாணை வந்தது. இனி சுகாதார நிலையங்களுக்கு நிரந்தர மானியம் கிடையாது. ஓர் ஊரில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் நோயில் படுத்திருந்தால் முரசு அடிக்கலாம். முரசு அடித்த ஊருக்கு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மருந்தும் சம்பளமும் வரும். தேவையுள்ள இடத்தில், தேவையுள்ள நேரத்தில், தேவையுள்ள அளவு! சபையில் கைதட்டல் அடங்க அரைமணி நேரம் ஆனதாம்.

நிலையத்தைப் பூட்டினார்கள். செண்பகவடிவு கையிருப்புப் பவுடரை வைத்து ஆவணி வரை ஓட்டினார். பிறகு குதிரை மண்டபத்து மேற்பார்வையாளரிடம் போய் ஒரு மூட்டை கேட்டார்.

"அம்மா, இது குதிரைக்கு ஒதுக்கியது. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் எனக்கு வேலை போய்விடும்" என்றார் அவர். நல்ல மனிதர்தான். சொல்லும்போது வருத்தப்பட்டார்.

ஐப்பசி மழையில் ஓடை நிரம்பி ஊர்க் கிணற்றில் கலந்தது. ஐந்து பேர் படுத்தார்கள், பிறகு ஒன்பது பேர். தினமும் காலையில் அரண்மனையிலிருந்து எண்ணிக்கை அலுவலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நாலாம் நாள் மாடக்கண்ணுவின் மகள் வள்ளிமயிலும் படுத்துவிட்டாள். நாலு வயது. மாடக்கண்ணு ஓடிப்போய் அலுவலரின் குடையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்தாவது ஆளு எம் மவ இருக்கால்லா, எழுதுங்கய்யா! முரச அடிக்கச் சொல்லுங்கய்யா!"

"நேற்றே படுத்திருந்தால் உன் மகள் பத்தாவதுதான். ஆனால் மேலத்தெருப் பெரியவர் இன்று காலை காலமாகிவிட்டார். ஆகவே அவள் ஒன்பதாவது. செத்தவரை நோயாளி என்று எழுதினால் அது பொய் இல்லையா, மாடக்கண்ணு?"

மறுநாள் கீழத்தெருவில் இன்னொருவர் படுத்தார். பத்து ஆகியிருக்கும். அதற்குள் வள்ளிமயில் போய்விட்டாள். மறுபடியும் ஒன்பது.

இந்த இடத்தில் கிண்டல் செய்ய எனக்கு வரவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாயில் ஊற்றியபடி செண்பகவடிவு அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். வேறு எதுவும் அவர் கையில் இல்லை.

நாலு பேர் செத்த பிறகு, ஒரே நேரத்தில் பதினோரு பேர் படுத்திருந்து அரசாணையின் மானத்தைக் காப்பாற்றினார்கள். முரசு அடித்தது. உடனே வண்டி வண்டியாக மருந்து வந்தது, ராஜா சிரிக்கும் தட்டிகள் வந்தன, மந்திரி மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார். நோய் அடங்கியது. நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் மிச்ச மருந்தையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் திரும்பிப் போயின. தட்டிகளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வண்டிகள் போன பிறகும் மாடக்கண்ணு குதிரை வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் காலையில் குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துவிட்டு நேரே செண்பகவடிவின் வீட்டுக்கு வந்தார்.

"நர்சம்மா, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நீங்க செத்துப்போயிருங்களேன்."

செண்பகவடிவு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"இந்த நாட்டுல செத்த குதிரைக்குக் கொள்ளு நிக்கல. நீங்க செத்தா, நீங்க தெனமும் செஞ்சத அரமணக்காரன் செஞ்சுதான ஆவணும்? கெணத்துக்குப் பவுடரு, பிள்ளைகளுக்கு ஊசி. சட்டம்லா! ஒரு பய கை வைக்க முடியாது."

"மண்டபத்துக்கு ஆளு வேணுமே?"

"காவக்காரியா நீங்களே இருந்துக்கிடுங்க."

"சரி. ஆனா கல்லுல எம்பேரு மட்டும் தனியா இருக்கக் கூடாது அண்ணாச்சி."

ஊர் மணியகாரர் இறப்புச் சான்றிதழ் எழுதினார். உயிரோடு இருப்பதை நிரூபிக்கத்தான் அந்த நாட்டில் மூன்று சாட்சி வேண்டும், சாவதற்கு ஒருவர் போதும். 'மக்கள் பணியில் மாண்ட மாதரசி' என்று விண்ணப்பம் போனது. தேர்தல் வருடம் அது. பூட்டிக்கிடந்த சுகாதார நிலையத்தின் மேலேயே கோபுரம் வைத்து, மூன்றே மாதத்தில் மணிமண்டபம் எழுந்தது.

திறப்பு விழாவுக்கு ராஜா வந்தார். செண்பகவடிவின் படத்துக்கு மாலை போட்டார். மாலையை எடுத்துக் கொடுத்தவர் செண்பகவடிவு. மந்திரி கனகசபாபதியார் பக்கத்திலேயே நின்றார். பார்க்காத முகம் எப்படி அடையாளம் தெரியும்?

"நேரில் பழகியிருக்கிறேன், மகாராஜா" என்று மந்திரி தழுதழுத்தார். "அற்புதமான பெண்மணி."

ராஜா கல்வெட்டைப் படித்தார். செண்பகவடிவின் பெயருக்குக் கீழே இன்னும் நாலு பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் வள்ளிமயில், வயது நான்கு.

"இவர்கள் யார்?"

காவல்காரி சொன்னார்: "பத்துப் பேரு சேருறதுக்குள்ள செத்தவங்க, மகாராஜா."

ராஜாவுக்குக் கணக்குப் புரியவில்லை. ஆனால் திறப்பு விழாக்களில் அழுவது மரபு, ஆகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே ஓர் அரசாணை போட்டார்: "இப்படிப்பட்ட நர்சம்மாக்கள் எந்த ஊரில் இறந்திருந்தாலும் மணிமண்டபம் எழுப்பப்படும்!"

விஷயம் காற்றாகப் பரவியது. அடுத்த மாதத்துக்குள் நாட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு நர்சம்மாக்களும் இறந்துபோனார்கள். மூன்று நாள் துக்கம் அனுசரிக்கப்பட்டது. அந்த வருடம் கொற்றநல்லூரில் வாந்திபேதியில் ஒருவரும் சாகவில்லை. செத்ததெல்லாம் நர்சம்மாக்கள்தான்.

இப்போது பவுடர் தவறாமல் வருகிறது, ஊசி மருந்து வருகிறது, முதல் தேதி சம்பளமும் வருகிறது. ஒரே ஒரு தொந்தரவு. மானியம் தொடர வேண்டுமானால் வருடம் ஒருமுறை, நினைவிடத்துக்குரியவர் இன்னும் இறந்தே இருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். போன வாரம் செண்பகவடிவு அரண்மனை வாசலில் நாலு மணி நேரம் வரிசையில் நின்று அதைக் கொடுத்துவிட்டு வந்தார். முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லோரும் இறந்த நர்சம்மாக்களே. நல்ல பேச்சுத்துணை.

திரும்பி வந்ததும் கிணற்றுக்குப் பவுடர் போட்டார். முந்தானையால் கல்வெட்டைத் துடைத்தார். கடைசிப் பெயரிடம் வந்ததும் எப்போதும்போல் கை கொஞ்சம் நின்றது.

வள்ளிமயிலுக்கு அந்தச் சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை.