அரைப் பல்

பாடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், பல்சக்கரம் வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு குரல் இருந்தது. தகரக் கூரையில் தூறல் நிற்காமல் விழுவதுபோல். முப்பத்தொரு வருடம் கேட்டேன். ஓய்வுபெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள். மறுநாளிலிருந்து காது காலி.

அந்தக் காலிக் காதில் என் மனைவி சாமுண்டீஸ்வரி குடியேறினாள்.

"ஏங்க, கிரைண்டர் மூணு மாசமா வாயத் தொறக்கல. உள்ள சக்கரம் தேஞ்சிட்ச்சின்னு நீங்கதான சொன்னீங்க? மாத்தறதுக்கு இன்னா?"

"எனக்கு வேலை கீது."

பொய்யில்லை. கட்டைகளை அடுக்கி வீடு, ஆலை எல்லாம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்று. அதன் இயந்திரப் பாகங்களை ஒரு தமிழ்க் குழு புதிதாக வரைந்துகொண்டிருந்தது. மகள் கிருஷ்ணப்பிரியா காட்டினாள். பதறிவிட்டேன். இரண்டு சக்கரம் சுற்றினால், ஒன்றின் பல் மற்றதன் பல்லுக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. இரும்பா, ஆவியா? சபதம் எடுத்தேன். அந்த உலகத்தில் ஒரு சக்கரமாவது பல் பொருந்திச் சுற்ற வேண்டும். அதன் கீழே வரதன் என்று பெயர் இருக்க வேண்டும். அதோடு, சமையலறைப் பக்கம் போகாதிருக்க இதைவிட கௌரவமான காரணம் கிடைக்காது.

வரைந்து அனுப்பினேன். குழுத் தலைவர் ஃபஹீம், பூந்தமல்லிக்காரர், போனில் கூப்பிட்டார்.

"நைனா, பல்லு சோக்கா கீது! ஆனா சோதிச்சுப் பாக்கற டெஸ்டர் ஓகே சொன்னாத்தான் கேமுக்குள்ள போவும். புதுசா வந்துகிறாங்க. பேரு வேம்புலி. ரொம்பக் கறார்."

என் மாமியார் பெயர் வேம்புலியம்மாள். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"போன்ல யாரு?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஆபீஸ். சக்கரத்த அரைப் பல் திருப்பி வெக்கணும். ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துல உக்காரணும். உனக்குப் புரியாது."

"அரைன்னது மட்டும் புரிஞ்சிது."

மறுநாள் வேம்புலியின் குறிப்பு வந்தது: 'கற்பனை வேண்டாம். நிஜ இயந்திரத்தைப் பிரித்து அளக்கவும். கிரைண்டர் உகந்தது.'

ஆள் விஷயம் தெரிந்தவர்! பிரித்தேன், துடைத்தேன், அளந்தேன்.

'தேய்ந்த சக்கரத்தை அளந்தால் தேய்ந்த மாடல்தான் வரும். புதியது போடவும்.'

நியாயம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறினேன். நண்பன் குணசேகரன் பட்டறையில் நைலானில் ஒன்று வெட்டினோம். இயந்திரம் ஓடியதும் அதே தூறல். கண் கலங்கியது. தூசு என்றேன். அவனும் தூசு என்றான்.

வந்து கிரைண்டரில் பூட்டினேன். அடுத்த குறிப்பு: 'சுமையோடு ஓட்டி நேரலையில் காட்டவும். நாலு ஆழாக்கு இட்லி அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து.'

"சாமுண்டி, அரிசி ஊற வெக்கணுமே!"

"ஊறிக்கினுதான் கீது."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

பதினாலு பேர் நேரலையில் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, உளுந்தைத் தள்ளித் தள்ளி விட்டேன். திரையில் வேம்புலியின் செய்தி எழுந்தது:

'ஏங்க, தண்ணி தெளிங்க. உளுந்து சூடாவுது.'

உலகத்தில் என்னை 'ஏங்க' என்பது ஒரே ஒரு ஆள். திரும்பினேன். சோபாவில் கால் நீட்டி, கையில் போனோடு.

"நீயா!"

"பிரியாதான் சேத்துவுட்டா. ஊட்ல சொன்னா வேலை கீதுன்றீங்க. ஆபீஸ்ல சொன்னா ஓடி ஓடி செய்றீங்க. இன்னா பண்றது?"

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"அப்போ... என் சக்கரம்?"

"மொதல்ல மாவ வழிங்க. கல்லக் கழுவுங்க. அப்பறம் பாக்கலாம்."

கழுவினேன்.

சக்கரம் அடுத்த பதிப்பிலேயே வந்துவிட்டது. பல் பொருந்தி, அழகாகச் சுற்றுகிறது. சாமுண்டீஸ்வரி இப்போது அந்தக் குழுவின் தலைமைச் சோதனையாளர். சக்கரத்துக்குக் கீழே பெயரும் போட்டிருக்கிறார்கள்: 'வடிவமைப்பு – வேம்புலி மேடம் வீட்டுக்காரர்.'