புதன்கிழமை ஜன்னலோரம்

"பூந்தமல்லியில உனக்கு என்ன வேலை?" என்று சிவராமன் கேட்டபோது வனஜா உண்மையைத்தான் சொன்னாள்.

"ஒரு வேலையும் இல்லைங்க."

அதைத்தான் யாரும் நம்பவில்லை. அன்று பஸ்ஸில் பின் சீட்டில் இருந்த எதிர்வீட்டு தேவிப்பிரியா கண்ணால் பார்த்த சாட்சி. மூன்று மணி பஸ்ஸில் ஆவடியில் ஏறிய வனஜா, பூந்தமல்லியில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாளாம். "அக்காவுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று அக்கறையாக வேறு விசாரித்துவிட்டுப் போயிருந்தாள்.

பிரச்சினை ஒன்றுமில்லை. புதன்கிழமை மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆவடி சேக்காட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். பெண்களுக்குக் காசு வாங்காத அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பருத்திப்பட்டு ஏரிக் காற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டு வருவாள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் 'அம்மா, சார்ஜர் எங்கே?', 'வனஜா, என் கண்ணாடி எங்கே?' என்று ஒரு குரலும் கேட்காது. ஆண்பிள்ளை டீக்கடை வாசலில் பொழுது சாயும்வரை நின்றால் அது ரிலாக்ஸ். பெண்பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் விசாரணைக் கமிஷன். இது எந்த ஊர் நியாயம்?

"சும்மா யாராவது பஸ்ல போவாங்களா?" என்றார் சிவராமன். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணி பஸ்?" என்றார்.

"மூணு மணி."

"மூணுதானே? நிச்சயமா?"

"இதுல என்னங்க நிச்சயம் வேண்டிக்கிடக்கு?"

கல்லூரியில் படிக்கும் மகள் காவ்யா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா எதையோ மறைக்கிறாங்கப்பா."

இனி உண்மை எடுபடாது என்று வனஜாவுக்குப் புரிந்துவிட்டது. "பூந்தமல்லி பக்கத்துல குமணன்சாவடியில பிளவுஸ் தைக்கக் குடுத்திருக்கேன். கடை பூட்டியிருக்குன்னு போன்ல சொன்னாங்க. அதான் அப்படியே திரும்பிட்டேன், போதுமா?"

சிவராமன் முகம் மலர்ந்தது. "இதுக்கு எதுக்கு பஸ்ஸு? சனிக்கிழமை நானே பைக்ல கூட்டிட்டுப் போறேன்."

கல்யாணமான நாளாய் ஒரு பிளவுஸுக்காகப் பைக்கை எடுக்காத மனுஷன்!

சனிக்கிழமை குமணன்சாவடியில் கண்ணில் பட்ட முதல் தையல் கடையில் வனஜா நுழைந்தாள். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சிவராமன் காவல் நின்றார்.

"அண்ணே, வனஜா பிளவுஸ் ரெடியா?"

டெய்லர் விழித்தார். "எப்பம்மா குட்த்தே? இன்னா கலரு?"

"பச்சை," என்று வாயில் வந்ததைச் சொன்னாள். இல்லை என்பார், நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு வெளியேறிவிடலாம் என்பது அவள் திட்டம். பாவி மனுஷன் கடையையே கவிழ்த்துத் தேடினார். கடைசியில் ஒரு பச்சை பிளவுஸை எடுத்து உதறினார்.

"பேரு சீட்டு வுயுந்துட்ச்சி போலகீது. கோச்சிக்காம எட்த்துனு போம்மா."

சிவராமன் அதற்குள் கூலியைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தாள். அதற்குள் அவளும் காவ்யாவும் சேர்ந்தே நுழையலாம். யார் வீட்டு விசேஷத்துக்குத் தைத்ததோ என்ற உறுத்தல் வேறு.

"உன் அளவே உனக்கு ஞாபகம் இல்லையாம்மா?" காவ்யா பயந்தே போனாள். "இது ஸ்ட்ரெஸ்தான். உனக்கு உடனே ஒரு ஹாபி வேணும்."

அடுத்த புதன்கிழமை சரியாக மூன்று மணிக்கு ஹாபி ஆரம்பித்தது. வட்டம் வட்டமாகப் பூக்கள் வரைந்த புத்தகம், கலர் பென்சில், பக்கத்தில் 'மூச்சை இழுங்கள், மூச்சை விடுங்கள்' என்று உத்தரவு போடும் போன்.

"கோட்டைத் தாண்டி கலர் போகுதும்மா. ரிலாக்ஸா பண்ணு."

"ரிலாக்ஸாத்தான்டி பண்றேன்!"

போட்ட சத்தத்தில் தேவிப்பிரியா ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் தன் பாயையும் எடுத்துவந்து சேர்ந்துகொண்டாள். ரிலாக்ஸ் வகுப்புக்கு டீ போடும் வேலையும் வனஜாவின் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை காபி டம்ளரைக் கணவர் முன்னால் நங்கென்று வைத்தாள். "அந்தப் பிளவுஸைப் பிடிச்சுத் தைக்கக் குடுக்கணும். மூணு மணிக்கு இங்க வகுப்பு நடக்குது. வர்ற வாரம் அஞ்சரை பஸ்ல போறேன்."

சிவராமனுக்குப் புரையேறியது. "அஞ்சரையா? வேணாம் வேணாம்! அது ரொம்பக் கூட்டம். நசுக்கிடுவாங்க."

அன்று சாயங்காலமே வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்.

"உனக்குத்தான் வனஜா! இனிமே நீ பஸ் பக்கமே போகவேண்டியதில்லை."

வனஜாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா உட்காரக் கொஞ்ச நேரம் கேட்டவளுக்கு ஓட்டுவதற்கு வண்டி. வயிற்றெரிச்சலோடு மைதானத்தில் இரண்டு தரம் விழுந்து, ஒரு வேப்பமரத்தில் மோதி, ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட அன்றே வேலைகள் வரிசைகட்டின. காவ்யாவை ஸ்டேஷனில் விடவேண்டும். மாவு அரைத்து வரவேண்டும். "ஸ்கூட்டர்தான் இருக்கேக்கா, என்னை அம்பத்தூர்ல அம்மா வீட்ல விட்டுடேன்," என்றாள் தேவிப்பிரியா. சிவராமன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "வண்டி சௌகரியமா இருக்கா? பஸ் ஞாபகமே வரலையே?" என்று தினமும் கரிசனமாக விசாரித்தார்.

புதன்கிழமை வந்தது, மூன்று மணி வகுப்பும் ஒருவழியாக முடிந்தது. சிவராமனுக்கு ஃபேக்டரியில் வழக்கம்போல ஓ.டி., வர நேரமாகும். தேவிப்பிரியா அம்பத்தூருக்குத் தயாராகிப் பையோடு படியில் நின்றாள். வனஜா அவளைத் தாண்டி வண்டியைக் கிளப்பினாள். நேராகப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். போனை அணைத்தாள். அஞ்சரை பஸ்ஸில் ஏறினாள்.

முன்பக்கம் ஓரிரண்டு இடம் இருந்தது, ஜன்னலோரம் இல்லை. பின்பக்கம் ஒரு ஜன்னல் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் காற்று முகத்தில் அடித்தது. யாரும் உத்தரவு போடாமலே மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிடும்போல இருந்தது. இனி எவன் வந்து சொன்னாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

கண்டக்டர் வந்தார். "யம்மா, இந்த சீட்டு வாணாம். முன்னாடி போயி குந்திக்க."

அத்தனை நாள் அடக்கி வைத்த கோபமும் அவர்மேல் பாய்ந்தது. "ஏன்? எதுக்கு எழுந்திருக்கணும்? ஒரு பொம்பளை ஒரு மணி நேரம் நிம்மதியா உட்காரக்கூடாதா இந்த ஊர்ல? இதென்ன உங்க வீட்டுச் சீட்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பதறிப்போய் அவள் பக்கம் குனிந்தார்.

"கோச்சிக்காதம்மா, அடுத்த ஸ்டாப்புல ஃபேக்டரி சாரு ஒர்த்தரு ஏறுவாரு, பாவம்! புதன்கெயம ஆனா ஊட்ல ஓ.டி.ன்னு சொல்லிட்டு பூந்தமல்லி வரிக்கும் சும்மா போய்ட்டு சும்மா வருவாரு. ஊட்டம்மா இந்த பஸ்ஸுக்கு வந்துடப்போவுதுன்னு பயந்துகினு, அதுக்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கிக் குட்த்துட்டாரும்மா!"